கோப்பர்நிக்கஸைப் படித்தவர்கள் யார்? ஓரக் குறிப்புகளைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

1970 நவம்பர். எடின்பரோ ராயல் வானாய்வகத்தில் கிராஃபோர்ட் சேகரிப்பு என்று ஒரு பழைய நூல் தொகுதி இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த வானியல் வரலாற்றாளர் ஓவன் கிங்கரிச் அங்கே ஒரு பெரிய புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். நியூரம்பர்க் நகரில் யோஹன்னஸ் பெட்ரேயஸ் 1543இல் அச்சிட்ட கோப்பர்நிக்கஸின் நூல் அது. பூமியும் ஒரு கோள்தான், அது சூரியனைச் சுற்றுகிறது என்று ஆறு பகுதிகளில், சுமார் 400 பக்கங்களில், கணக்குப் போட்டுக் காட்டிய நூல். அவர் திறந்த பிரதியின் ஓரமெல்லாம் பொடி எழுத்தில் லத்தீன். தொடக்கத்தில் நாலு பக்கம் எழுதிவிட்டு ஓய்ந்த கை இல்லை. கடினமான கோள் கணக்குகள் வரும் பின்பகுதிகளில்தான் எழுத்து இன்னும் நெருக்கமாகப் போயிருந்தது.

அவர் திகைத்ததற்குக் காரணம் இருந்தது. 1959இல் ஆர்தர் கோஸ்ட்லர் வானியல் வரலாறு பற்றிய தன் நூலில், இதை ‘யாரும் படிக்காத புத்தகம்’ என்று எழுதியிருந்தார். விற்காமல் போன புத்தகங்களில் இதற்கு இணையில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு பரவி நிலைத்துவிட்டது. 1973இல் கோப்பர்நிக்கஸின் 500ஆம் பிறந்த ஆண்டு வரவிருந்ததால் எடின்பரோவுக்குச் சில நாள் முன்புதான் கிங்கரிச்சும் இன்னொரு வரலாற்றாளரும் உட்கார்ந்து, 16ஆம் நூற்றாண்டில் இதை முழுதாகப் படித்திருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். பத்துப் பேர்கூடத் தேறவில்லை. அப்படியானால், கையில் எடுத்த ஒரே பிரதியில் அந்த அபூர்வ வாசகர்களில் ஒருவர் அகப்படுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு அவர் விடை தேடிய விதம்தான் இங்கே பார்க்க வேண்டியது. உலகில் எஞ்சியிருக்கும் பிரதிகளை ஒவ்வொன்றாக நேரில் பார்த்து, அட்டை, உடைமையாளர் பெயர், ஓரக் குறிப்பு எல்லாவற்றையும் பதிவது என்று முடிவெடுத்தார். முதல் பதிப்போடு 1566இல் பாசல் நகரில் வந்த இரண்டாம் பதிப்பையும் சேர்த்துக்கொண்டார். முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை. 2002இல் கணக்கெடுப்பு அச்சானபோது இரண்டு பதிப்பிலுமாகச் சுமார் 600 பிரதிகள் அதில் இடம்பெற்றிருந்தன. முதல் பதிப்பில் அச்சிட்டதே 400 முதல் 500 வரை இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அதில் பாதிக்கு மேல் இன்றும் இருக்கின்றன. யாருக்கும் வேண்டாத புத்தகம் நானூறு ஆண்டு இப்படிப் பாதுகாக்கப்பட்டிருக்காது.

எடின்பரோவின் கை

முதலில் அந்தப் பிரதிக்காரர் யார் என்று தெரிய வேண்டும். உள்ளே எங்கும் பெயர் இல்லை. அக்காலத்தில் புத்தகங்கள் பெரும்பாலும் தைக்காத தாள்களாகவே விற்பனைக்கு வரும். வாங்கியவர் தன் செலவில், தன் விருப்பப்படி அட்டை கட்டுவித்துக்கொள்வார். சிலர் தோலில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பதிக்கச் சொல்வார்கள். இந்தப் பிரதியின் தோலட்டையில் ஈ, ஆர், எஸ் என்ற மூன்று எழுத்துகள் அழுந்தியிருந்தன. எராஸ்மஸ் ரைன்ஹோல்ட் சால்வெல்டென்சிஸ். அதாவது சால்ஃபெல்ட் ஊர் எராஸ்மஸ் ரைன்ஹோல்ட். பிறகு அவருடையது என்று உறுதியாகத் தெரிந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது.

ரைன்ஹோல்ட் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். கோப்பர்நிக்கஸின் அமைப்பை வைத்து 1551இல் கோள்களின் இடம் காட்டும் புருஷிய அட்டவணைகளை வெளியிட்டவர். 1553இல் கொள்ளை நோய்க்காலத்தில் இறந்துபோனார். அவர் இந்த நூலைப் படித்திருப்பார் என்பது புதுச் செய்தி இல்லை, விரல் விட்டு எண்ணிய பட்டியலிலேயே அவர் இருந்திருப்பார். எப்படிப் படித்தார் என்பதுதான் புதிது.

தலைப்புப் பக்கத்தில் அவர் ஒரு வாக்கியம் எழுதிவைத்தார்: வானத்து இயக்கம் சீரானது, வட்டமானது, அல்லது சீரான வட்ட இயக்கங்கள் சேர்ந்து ஆனது. முழுப் புத்தகத்தையும் எந்தக் கண்ணால் பார்த்தார் என்பது இதிலேயே தெரிகிறது. டாலமியின் பழைய வானியலில் கோள் ஒன்று வட்டத்தில் போகும். ஆனால் அதன் வேகம் சீராகத் தெரிவது வட்டத்தின் மையத்திலிருந்து பார்த்தால் இல்லை, விலகி நிற்கும் இன்னொரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான். அந்தப் புள்ளிக்கு ஈக்வன்ட் என்று பெயர். வானம் சீராகச் சுழல வேண்டும் என்ற கொள்கையை இது மீறுகிறதே என்று பல தலைமுறைகளாக வானியலாளர்களுக்கு உறுத்தல். கோப்பர்நிக்கஸ் ஈக்வன்ட்டை எடுத்துவிட்டு, அந்த வேலையைச் சின்னச் சின்ன வட்டங்களை வைத்துச் செய்து காட்டினார். ரைன்ஹோல்டின் பேனா ஓடியதெல்லாம் அந்த இடங்களில்தான்.

சூரியன் நடுவில், பூமி சுற்றுகிறது என்ற பெரிய வாதம் முதல் பகுதியில் வருகிறது. இன்று நாம் கோப்பர்நிக்கஸ் என்றாலே நினைப்பது அதைத்தான். அங்கே ரைன்ஹோல்டின் ஓரங்கள் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கின்றன. நூலில் எழுதிய பக்கங்களைக் காட்டிலும் எழுதாத இந்தப் பக்கங்கள்தான் எனக்குப் பெரிய சான்றாகப் படுகின்றன. பூமி நகர்கிறதா என்று அவர் சண்டை போடவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. கணக்குக்கு உதவுவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போனார். விட்டன்பர்க் வட்டாரம் முழுக்க இப்படித்தான் படித்தது என்பதை ராபர்ட் வெஸ்ட்மன் என்ற வரலாற்றாளர் பிற்பாடு விரிவாக நிறுவினார். கோஸ்ட்லர் சொன்னது தவறுதான். ஆனால் எதிர்ப்பக்கம் நின்று ‘எல்லோரும் படித்தார்கள், உலகப் பார்வையே மாறியது’ என்றால் அதுவும் உண்மைக்குப் பக்கத்தில் வராது. படித்தார்கள், வரி வரியாகப் படித்தார்கள். நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர்களுக்கு முக்கியமாகத் தோன்றவில்லை.

ஒரே குறிப்பு, பல கைகள்

பிரதிகள் சேரச் சேர கிங்கரிச்சுக்கு ஒரு குழப்பம் வந்தது. வெவ்வேறு நாட்டு நூலகங்களில், வெவ்வேறு கையெழுத்தில், அதே இடத்தில் அதே குறிப்பு. ரைன்ஹோல்டின் சொற்கள் பல பிரதிகளில் திரும்பத் திரும்ப வந்தன. ஆசிரியரின் பிரதியை வாங்கி மாணவர்கள் தம் பிரதியின் ஓரத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாணவர் ஆசிரியரானதும் அவரிடமிருந்து அடுத்தவர். பாரிஸில் யோஃப்ரான்கஸ் ஓஃபூசியஸ் என்பவரைச் சுற்றி இதேபோல இன்னொரு குடும்பம் இருந்தது.

ஏடு பெயர்த்து எழுதும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. மூலம் அச்சில் வந்துவிட்டது, உரை இன்னும் கையால்தான் பரவியது. அச்சு வந்ததும் கையெழுத்து மரபு செத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. இந்த ஓரங்களே அதற்குச் சாட்சி.

ஆனால் எண்ணிக்கையில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஐந்து பிரதிகளில் ஒரே குறிப்பு இருந்தால் வாசகர் ஐந்து பேரா, ஒருவரா? வாத்தியார் எழுதியதைப் பார்த்து எழுதிய பையன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தானா என்பதற்குக் கையெழுத்து உத்தரவாதம் தராது. பெயர்த்த குறிப்புகளுக்கு இடையில் சொந்தமாக ஒரு திருத்தம், ஒரு மறுப்பு, மூலத்தில் இல்லாத ஒரு எண் இருந்தால்தான் அந்த ஆளும் படித்தவர் என்று துணிந்து சொல்லலாம். அதனால்தான் கணக்கெடுப்பில் பிரதிகளின் தலையை எண்ணுவதோடு நிற்காமல் எந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று வம்சாவளி பார்க்க வேண்டியிருந்தது. என் பார்வையில் முப்பது ஆண்டு உழைப்பில் மிகப் பயனுள்ள பகுதி இதுதான்.

சொந்தக் குரலோடு எழுதியவர்களும் குறைவில்லை. டூபிங்கனில் கெப்ளருக்குப் பாடம் சொன்ன மைக்கேல் மேஸ்ட்லினின் பிரதி சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் இருக்கிறது. பல பக்கங்களில் ஊசி நுழைய இடமில்லாமல் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் தாமஸ் டிக்ஸ் மூன்றே லத்தீன் சொற்களைத் தலைப்புப் பக்கத்தில் எழுதினார். ‘பொதுமக்கள் எண்ணம் பிழை’ என்பது பொருள். ஜெனீவாவில் இருக்கும் பிரதி அது. மேஸ்ட்லினும் டிக்ஸும் பூமி சுற்றுவதை உண்மையாகவே ஏற்றவர்கள்.

முன்னுரைமேல் ஒரு சிவப்புக் கோடு

புத்தகத்தின் தொடக்கத்தில் வாசகருக்கு என்று ஒரு சிறு முன்னுரை உண்டு, பெயர் போடாதது. இதில் உள்ள கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, உண்மைபோல் இருக்கக்கூட வேண்டியதில்லை, கணக்கு சரியாக வந்தால் போதும் என்கிறது அது. கோப்பர்நிக்கஸே இப்படிப் பின்வாங்கிவிட்டாரா?

எழுதியவர் அவர் இல்லை. கையெழுத்துப் படியை நியூரம்பர்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய ஒரே மாணவர் ரேடிகஸ். லைப்சிக்கில் வேலை கிடைத்து அவர் கிளம்பியதும் அச்சு மேற்பார்வை ஆண்ட்ரியாஸ் ஓசியாண்டர் என்ற லூத்தரன் இறையியலாளரிடம் போனது. முன்னுரையைச் சொருகியவர் அவர்தான். கோப்பர்நிக்கஸ் 1543 மே 24 அன்று இறந்துவிட்டார். ரேடிகஸ் நண்பர்களுக்குக் கொடுத்த சில பிரதிகளில் அந்த முன்னுரையின் குறுக்கே சிவப்பில் கோடு இழுத்திருக்கிறது. ஒரு மாணவர் தன் ஆசிரியருக்காக அச்சுக்கூடத்தோடு போட்ட சண்டையில் பாதி, அவர் கையாலேயே தாளில் நிற்கிறது. கோப்பர்நிக்கஸின் நண்பரான ஆயர் டீடமன் கீசெ நியூரம்பர்க் நகர மன்றத்துக்கே முறையிட்டுப் பார்த்தார். அச்சான முன்னுரை அப்படியே நின்றது.

வெளியுலகுக்குப் பெயர் தெரிந்தது ஓர் ஓரக் குறிப்பால். நியூரம்பர்க்கைச் சேர்ந்த ஹிரோனிமஸ் ஷ்ரைபர் என்பவருக்கு அச்சகத்தாரிடமிருந்தே ஒரு பிரதி கிடைத்திருந்தது. உள்விவகாரம் அறிந்த அவர், முன்னுரைக்கு மேலே ஓசியாண்டரின் பெயரை எழுதிவைத்தார். அவர் 1547இல் காலமான பின் அந்தப் பிரதி கைமாறிக் கெப்ளரிடம் வந்து சேர்ந்தது. செவ்வாயின் பாதையைப் பற்றித் தான் 1609இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, முன்னுரை யாருடையது என்று கெப்ளர் அச்சில் அறிவித்தார். அந்தப் பிரதி இப்போது லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

ரோம் சொன்ன திருத்தங்கள்

1616 மார்ச் 5 அன்று ரோமின் நூல்தடைக் குழு இந்த நூலை, திருத்தும்வரை நிறுத்திவைக்கும்படி ஆணையிட்டது. என்ன திருத்தம் என்பதை 1620இல் அறிவித்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். பூமியின் மூவகை இயக்கத்தை நிறுவுதல் என்ற தலைப்பை, மூவகை இயக்கம் என்ற கருதுகோள் என்று மாற்ற வேண்டும். விண்மீன்களின் தொலைவை வியந்து, படைப்பாளியின் கைவேலை எத்தனை பெரிது என்று முடியும் வாக்கியத்தை அடிக்க வேண்டும். இப்படியான ஒரு பிரபஞ்சத்தைக் கடவுள் செய்தார் என்று தொனிப்பதே அதன் குற்றம்.

புதிய பதிப்பு போடவில்லை. வைத்திருப்பவரே பேனாவால் திருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே ஆணை எங்கே செல்லுபடியானது என்பதை இன்று பிரதிகளைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம். இத்தாலியில் இருந்த பிரதிகளில் பாதிக்கு மேல் திருத்தப்பட்டிருக்கின்றன. ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற கத்தோலிக்க நாடுகளிலேயே ஏறக்குறைய யாரும் தொடவில்லை. ஆவணக்காப்பகத்தில் ஆணையை மட்டும் படிப்பவருக்கு ஐரோப்பா முழுக்கத் தடை என்று தோன்றும். கலிலியோவின் சொந்தப் பிரதி, 1566 பதிப்பு, ஃபிளாரன்ஸில் இருக்கிறது. அதில் சொன்ன இடமெல்லாம் அடித்திருக்கிறது. ஆனால் மை மெலிதாக ஓடுகிறது, அடியில் உள்ள அச்செழுத்தை யாரும் படிக்கலாம்.

காணாமற்போன குறிப்புகள்

இத்தனையும் தப்பியவற்றைக் கொண்டு சொல்வது. தப்பாதவை எத்தனையோ. பழைய அட்டை நைந்து மறுகட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டுபவர் மூன்று பக்கமும் விளிம்பை வெட்டிச் சமமாக்குவார். குறிப்பின் வரிகளில் கடைசி இரண்டு எழுத்து அந்தக் கத்தியோடு போகும். 19ஆம் நூற்றாண்டில் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு வெள்ளைவெளேரென்ற பக்கம் வேண்டியிருந்தது. தாள்களைப் பிரித்து, ரசாயன நீரில் கழுவி, பழைய மையைப் போக்கினார்கள். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பேனாக் கிறுக்கல் இருந்தால் விலை இறங்கும், பெயர் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டும் விற்பார்கள். அங்கே ஒரு முன்பக்கம் கிழிந்த புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுவிய தாள்களின் நினைவு வந்து மனம் கனக்கும்.

கணக்கெடுப்புக்கு எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. ஒவ்வொரு பிரதியின் தழும்பும் கறையும் குறிப்பும் பதிவாகிவிட்டதால், திருட்டுப்போன பிரதி ஏலத்துக்கு வந்தால் அடையாளம் சொல்ல முடிந்தது. கிங்கரிச் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் நேர்ந்தது.

விட்டிச்

இந்த ஆய்வில் பெரிய சறுக்கலும் நடந்தது. அதையும் கிங்கரிச் மறைக்காமல் எழுதினார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிராகாவில் ஒரு 1566 பதிப்புப் பிரதி, நிறையக் குறிப்புகளோடு இருக்கிறது. அது டேனிஷ் வானியலாளர் டைக்கோ பிராகியுடையது என்று நம்பினார்கள். அவர் கடைசிக் காலத்தில் பிராகாவில் வாழ்ந்து 1601இல் அங்கேயே இறந்தவர். குறிப்புகளின் பெருமைக்காகவே 1971இல் அந்தப் பிரதியை அப்படியே நிழற்பதிப்பாக வெளியிட்டார்கள். பிறகு வத்திக்கான் நூலகத்தில் ஒரு முதல் பதிப்பைத் திறந்த கிங்கரிச், அதே கையெழுத்தைக் கண்டார். கடைசியில் வெற்றுத்தாள்கள் சேர்த்துக் கட்டி, அவற்றில் படங்கள் வரைந்திருந்தது. ஒரு படத்தில் தேதி: 1578 பிப்ரவரி. பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது, சூரியன் அதைச் சுற்றுகிறது, புதனும் வெள்ளியும் சூரியனைச் சுற்றுகின்றன. வெளிக்கோள்களின் சிறுவட்டங்களும் சூரியனின் பாதைக்குப் பொருந்தும்படி போட்டிருக்கிறது. டைக்கோ 1588இல் வெளியிட்ட அமைப்புக்கு அது ஒரு படி முந்தியது. எல்லாக் கோளும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் அமைப்பு அவருடையது.

ஒரு பெரிய மனம் தன் கண்டுபிடிப்பை நோக்கி அடி எடுத்து வைப்பதைத் தேதியோடு பிடித்துவிட்டோம் என்றல்லவா தோன்றும்? அப்படித்தான் தோன்றியது. டைக்கோவின் பணிக்குறிப்பு என்றே கிங்கரிச் எழுதி வெளியிட்டார்.

பிறகு பெல்ஜியத்தின் லியேஜில் அதே கையில் மூன்றாவது பிரதி. போலந்தின் வ்ரோத்ஸ்வாவில் நான்காவது. டைக்கோவின் உறுதியான கையெழுத்தை மறுபடி வைத்துப் பார்த்தபோது ஒத்துவரவில்லை. வ்ரோத்ஸ்வா பழைய பிரெஸ்லாவ். அந்த ஊர்க்காரர் பால் விட்டிச் என்ற கணிதர், 1580இல் ஹ்வேன் தீவில் டைக்கோவின் ஆய்வகத்துக்கு வந்து சில மாதம் தங்கினார். பெருக்கலைக் கூட்டல் கழித்தலாக மாற்றும் கோணவியல் உத்தியை டைக்கோவிடம் காட்டியவர். ஊர் ஊராகச் சுற்றினார், வாழ்நாளில் எதையும் அச்சில் வெளியிடவில்லை, 1586இல் இறந்தார். அவருடைய கையெழுத்தோடு ஒப்பிட்டபோது நான்கு பிரதிகளும் அவருடையவை என்று தெளிவாயிற்று. கிங்கரிச்சும் வெஸ்ட்மனும் சேர்ந்து 1988இல் பழைய முடிவை விலக்கி இதை வெளியிட்டார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது என்று பார்த்தால், கண்ணில் இல்லை. படம் டைக்கோவின் அமைப்பைப் போலிருந்தது, பிரதி டைக்கோ வாழ்ந்த நகரில் இருந்தது, டைக்கோ புகழ்பெற்றவர். எடின்பரோவில் மூன்று எழுத்து கிடைத்த பிறகும் கையெழுத்தை ஒப்பிட்ட பின்னரே பெயர் சொன்னார்கள். பிராகாவில் பெயர் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது, வத்திக்கான் பிரதி அந்தப் பெயருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. ஒரு தவறான அடையாளத்தோடு பொருந்துகிறது என்பதே இரண்டாவது சான்றாகிவிட்டது.

பிராகா பிரதியில் டைக்கோவுக்குப் பங்கே இல்லை என்றும் ஆகாது. விட்டிச் இறந்த பின் அவருடைய நூல்களை உறவினரிடமிருந்து வாங்க டைக்கோ பல ஆண்டு விடாமல் முயன்றார். அந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் அவர். தன் அமைப்பை இன்னொருவர் திருடிவிட்டார் என்று நிக்கோலஸ் உர்சுஸ்மீது கடும் வழக்காடியவரும் அவரே. விட்டிச்சின் படத்தை அவர் 1580இல் பார்த்தாரா என்பதை ஓரங்கள் சொல்வதில்லை. பார்த்திருந்தாலும் அங்கிருந்து கடைசிப் படியை எடுத்து வைத்தவர் டைக்கோதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்துக்கு முதலில் வந்து நின்ற ஒருவர், தன் பெயரில் ஒரு பக்கம்கூட அச்சிடாமல், இன்னொருவருடைய புத்தகத்தின் பின்தாள்களில் மட்டும் நானூறு ஆண்டு இருந்திருக்கிறார்.

1971இன் நிழற்பதிப்பு பல நூலகங்களில் இருக்கிறது. டைக்கோவின் குறிப்புகள் என்று கேட்டு அதை வாங்கிப் பிரிப்பவர் பார்ப்பது விட்டிச்சின் கையெழுத்தை.